முதலில் ஸ்ரெல்லாக்காவின் வாளி

போன கிழமை பத்திரிகையில் நான் எழுதி வந்ததை வாசித்துவிட்டு என் மகள் அனிற்றா, "அம்மா, ஒரு கதையையே ரெண்டு தரம் சொல்லியிருக்கிறீங்கள்" என்றாள். இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முற்றுப்புள்ளி எங்கே வைப்பதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூச்சு முட்டுகிற இடத்தில் வைக்கிறேன். மறதியும் சேர்ந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறை சொல்லப்போவது வெட்கமான விசயம். ஆகவே மளமளவென்று தொடங்குகிறேன். யோசித்தால் தொடங்க மாட்டேன்.

பஸ்ஸில் இருந்து எல்லோரையும் இறக்கினார்கள். காலி வீதியில், பம்பலப்பிட்டி தாண்டி ஓர் இடம். பின்னேரம். கடல் பக்கத்துக் காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் குடை, கைப்பைக்குள் மடித்து வைத்த கோயில் முக்காடு. வரிசையில் நின்றேன்.

சோதனைச் சாவடிகள் பெட்டிக்கடைகளைப் போல முளைத்திருந்த காலம் அது. என் முறை வந்தது. இளம் ஆமிக்காரன். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். "பல்லியட்ட" என்றேன். கிறிஸ்தவக் கோயிலுக்கு என்று அர்த்தம். அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். கொட்டாஞ்சேனை விலாசம். கொட்டாஞ்சேனையில் கோயில் இல்லையா என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. கொட்டாஞ்சேனையில் தேநீர்க்கடைக்குச் சமமாகக் கோயில் உண்டு. இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குக் கோயிலுக்குப் போகிற தமிழ்ப் பெண்ணை யார்தான் சந்தேகப்படமாட்டார்கள்.

என் சிங்களம் குழாயடிச் சிங்களம். பாவசங்கீர்த்தனத்துக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. "மட்ட லஜ்ஜய் மஹத்தயா" என்றேன். எனக்கு வெட்கமாயிருக்கு ஐயா. அவனுக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் பூசையில் செய்வது போல மூன்று தரம் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். அவன் ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். சட்டைக் கழுத்துக்குள் அவனும் ஒரு உத்தரியம், எங்கள் வேதக்காரர் போடுகிற துணிப் பதக்கம், போட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"யன்ன அம்மே" என்று அட்டையைத் தந்தான். போங்கள் அம்மா.

எனக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. சோதனைச் சாவடியைவிட அந்த "அம்மே" தான் வெள்ளவத்தை வரைக்கும் குத்தியது.

தூரத்துச் சுவாமி

இதை வேறு சமயத்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாவசங்கீர்த்தனம் என்றால் குருவானவரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இடையில் பலகைச் சல்லடை இருக்கும், முகம் தெரியாது. ஆனால் குரல் தெரியுமே.

அதனால் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் பாவத்தை எங்கள் கோயில் குருவான பங்குச் சுவாமியிடமே சொல்லுவோம். பெரிய பாவத்துக்கு பஸ் எடுப்போம். கோபம் என்றால் பக்கத்துப் பங்கு, அதைவிடப் பெரிதென்றால் நீர்கொழும்பு என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். யார் யார் நீர்கொழும்புக்குப் போய்வந்தார்கள் என்று ஒரு கணக்கும் மனதில் வைத்திருப்போம்.

என் நிலைமை இன்னும் மோசம். பீடத்துத் துணிகளைத் தோய்த்து மினுக்கிக் கொடுக்கிறவள் நான். பங்குச் சுவாமிக்கு என் குரல் மட்டுமல்ல, செருப்புச் சத்தமும் தெரியும்.

சரி, என்ன பாவம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்குக் குழாயடிக்குப் போகவேண்டும்.

குழாயடி

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். கொழும்பில் தோட்டம் என்றால் ஒழுங்கைக்குள் முதுகும் முதுகும் ஒட்டிய வீடுகள். எங்கள் தோட்டத்தில் பதினான்கு வீடு, ஒரு குழாய். தண்ணீர் விடிய வரும், வெயில் ஏற முதல் போய்விடும். முதல் நாள் பொழுதுபடவே வாளிகளை வரிசையாக வைத்துவிடுவோம். யாருடைய வாளி எத்தனையாவது என்பதில் ஒரு மரியாதை இருந்தது.

பக்கத்து வீடு ஸ்ரெல்லாக்கா. அங்கேயே பிறந்து வளர்ந்தவ. புருசனுக்குத் துறைமுகத்தில் வேலை, இரண்டு வளர்ந்த பெடியன்கள். தன் வாளியில் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் சிலுவை போட்டிருப்பா. நான் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருந்து வந்து இறங்கிய முதல் நாள், தண்ணீர் எடுக்கத் தெரியாமல் குடத்தோடு நின்ற என்னை, "இங்க வா புள்ள, வெக்கப்பட்டா குளிக்க முடியாது" என்று தன் முறையைத் தந்தவ அவதான்.

சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவா. தோட்டத்துக்கு எந்த உத்தியோகத்தர் வந்தாலும் ஸ்ரெல்லாக்காதான் பேச்சாளர். பொலிஸ் பதிவு, வீட்டுப் படிவம், எல்லாம் அவ வாயால்தான் நடக்கும்.

என் தம்பி தாசன் வெளிநாடு போவதற்காக வந்து எங்களோடு தங்கினான். வந்த மூன்றாம் நாளே ஸ்ரெல்லாக்கா வீட்டுச் சட்டியைக் கழுவித் தின்னத் தொடங்கிவிட்டான். அவ ஆக்குகிற கருவாட்டுக் குழம்பில் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "பசி தீர்ந்திட்டுது, இனி ருசிக்கு அங்க போறன்" என்பான்.

அந்த விடியல்

ஒரு விடியல் பொலிசும் ஆமியும் தோட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் ஒழுங்கையில் நிறுத்தினார்கள். தாசனின் பதிவு இன்னும் முடியவில்லை. கொடுத்த படிவம் எங்கேயோ கிடந்தது.

அவர்களுக்குப் பெரியவர் ஸ்ரெல்லாக்காவைக் கூப்பிட்டு, இவனைத் தெரியுமா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பயமே வரவில்லை. ஸ்ரெல்லாக்கா இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"தன்னே நே மஹத்தயா" என்றா.

தெரியாது ஐயா. என்னைப் பார்க்காமல், தாசனையும் பார்க்காமல், வாளிகளைப் பார்த்துச் சொன்னா.

அவனைக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது நாள். நானும் என் புருசனும் ஏறாத படி இல்லை. கடைசியில் ஒருநாள் மத்தியானம் தாடியோடு நடந்து வந்தான். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. சோடா மூடிகளைக் காய்களாக வைத்துத் தாம் என்கிற ஆட்டம் விளையாடி அங்கே இருந்த எல்லோரையும் வென்றதாகச் சொல்லிச் சிரித்தான். நான் அழுதேன்.

வந்தவன் குளித்துவிட்டு நேரே ஸ்ரெல்லாக்கா வீட்டு வாசலுக்குப் போனான். "அக்கா, வந்திட்டன்" என்றான். அவ கதவைச் சாத்தினா.

அதோடு நான் அவவுடன் கதைப்பதை விட்டேன்.

பூனையோடு பேசியது

அதற்குப் பிறகு மூன்று வருசம். தாசன் நோர்வே போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் நத்தாருக்கு எழுதுகிற கடிதத்தில், "ஸ்ரெல்லாக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கோ" என்று ஒரு வரி இருக்கும். கடிதத்தைச் சத்தமாக வாசிக்கும்போது அந்த வரியை மட்டும் விழுங்கிவிடுவேன். அடி வாங்கியவன் மறந்துவிட்டான், நான் விடமாட்டேன் என்று நின்றேன்.

ஒரே குழாயடியில் தினமும் அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்று பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. தோட்டத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று திரிந்தது. இரண்டு பேரும் அதனோடு பேசினோம்.

"சிலபேருக்கு வாளி நிரம்பி வழிஞ்சாலும் தெரியாது, என்ன பூனை" என்பேன் நான்.

"யாழ்ப்பாணத்துல கிணறு, இங்க குழாய். அவசரப்பட்டா என்னா செய்யிறது பூனை" என்பா அவ.

தோட்டம் முழுக்கச் சிரிக்கும். பூனைக்கும் எங்கள் இரண்டு பேரிடமும் மீன் தலை கிடைத்தது. அதுதான் அந்தச் சண்டையில் கொழுத்தது.

நான் மெலிந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். வயிற்றில் எந்நேரமும் எரிவு. நித்திரை கிடையாது. கோயிலில் தூணுக்குப் பின்னால் இருப்பேன். பரலோக மந்திரத்தில், பிறர் செய்த தீமையை நாங்கள் பொறுக்கிறோம் என்று வருகிற இடத்தில் எனக்கு ஒழுங்காக இருமல் வரும். நன்மை எடுக்க, அதாவது பூசையில் சுவாமி தருகிற அப்பத்தை வாங்க, போகமாட்டேன். இந்த மனதோடு ஆண்டவரை வாங்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். மூன்று வருசம் அப்படி.

அனிற்றாவுக்கு எட்டு வயது. முதல் நன்மைக்கு ஆயத்தம். தாய் தகப்பன் பிள்ளையோடு சேர்ந்து நன்மை எடுப்பது எங்கள் வழக்கம். அவள் நான் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையை அளவு பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு அப்பா மட்டுமோ என்னோட வருவார்? நீங்கள் தூணடியிலயோ?"

ஊசி கையில் ஏறிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை பஸ் ஏறினேன். முதல் நன்மைக்குப் பத்து நாள் இருந்தது.

சல்லடைக்கு அந்தப் பக்கம்

வெள்ளவத்தைக் கோயிலில் மெழுகுதிரி மணம். அடுத்த நாள் மாத முதல் வெள்ளி என்பதால் சனம். என்னை ஒருவருக்கும் தெரியாது. அது எவ்வளவு சுகம். முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாங்கில் காத்திருந்தேன். முறை வந்ததும் முழந்தாளிட்டேன்.

"சுவாமி, பாவசங்கீர்த்தனம் செய்து மூண்டு வருசம்."

அந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சீறினார்கள். தைல மணம் வந்தது.

"ம். சொல்லு பிள்ளை, என்ன?"

இந்தக் கொழும்பு முழுக்கத் தேடினாலும் பேச்சு முடிவில் அப்படி "என்ன" போடுகிறவர் ஒருவர்தான். எங்கள் பங்குச் சுவாமி. வெள்ளவத்தைச் சுவாமிக்குச் சுகமில்லையென்று உதவிக்கு வந்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி, நெஞ்சில் தட்டி, "அம்மே" பட்டமும் வாங்கிக்கொண்டு நான் வந்து சேர்ந்த இடம் எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடுகிற தூரத்தில் இருப்பவரிடம்.

எழும்பி ஓடலாம். வாங்கில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிற வெட்கம் பெரிதா, இருக்கிற வெட்கம் பெரிதா என்று யோசித்தேன். கடைசியில் குரலைத் தடிப்பாக்கி, ஆம்பிளை மாதிரிப் பேசத் தொடங்கினேன்.

"சளித் தடிமனோ, என்ன?" என்று கேட்டார்.

அதோடு நடிப்பை விட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பெயர் சொல்லவில்லை. ஒரு பெண் என்றேன். என் தம்பி என்றேன். தெரியாது என்ற அந்தச் சொல்லைச் சொன்னேன். அவவுடைய வீட்டுக் கூரை விழவேண்டும் என்று அந்தோனியாரிடமே கேட்டதையும் சொன்னேன்.

அவர் திரும்ப மூக்கைச் சீறினார். பிறகு, அவ மன்னிப்புக் கேட்டாவா என்று விசாரித்தார். இல்லை என்றேன். கேட்டால் கொடுப்பாயா என்றார்.

"தெரியாது சுவாமி. மனம் வருகுதில்லை."

"அவ செய்தது பிழைதான். அதை நான் சரியெண்டு சொல்லேல்லை. ஆனால் மனம் வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தால் நீயும் நானும் செத்துப் போவம். மனம் ஆறுதலா வரட்டும். கையை இப்ப அனுப்பு, என்ன?"

பிறகு அபராதம் தந்தார். பாவம் பொறுத்த பிறகு செய்யச் சொல்லுகிற பரிகாரத்துக்கு எங்கள் பக்கத்தில் அபராதம் என்று பெயர். வழமையாக மூன்று அருள் நிறைந்த மந்திரம், மிஞ்சினால் ஒரு செபமாலை. அவர் சொன்னது வேறு.

"ஒன்பது நாள். விடியக் குழாயடியில உன்ர வாளிக்கு முதல் அவவின்ர வாளியை வைச்சு நிரப்பு. ஒரு கதையும் வேண்டாம்."

நான் பேரம் பேசினேன். "சுவாமி, அதுக்குப் பதிலா பத்துச் செபமாலை சொல்லட்டோ? முழந்தாளில நிண்டு சொல்லுவன்."

"அது உனக்கு லேசு. அதால தரமாட்டன்."

வெளியே வந்து படியில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. குழாயடி என்று நான் சொல்லவேயில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸில் அவரும் ஏறினார். முன் ஆசனத்தில் இருந்து செபப் புத்தகத்தை விரித்தார். என்னைக் கண்டதாகவே காட்டவில்லை. கேட்டதை வெளியில் காட்ட அவருக்கு உரிமை இல்லை. நான் யன்னலால் கடலைப் பார்த்தேன். சாவடியில் எல்லோரையும் இறக்கியபோது இரண்டு பேரும் ஒரே வரிசையில், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒன்பது விடியல்

வெள்ளிக்கிழமை தொடங்கினேன். சிலுவை போட்ட வாளியை எடுத்துக் குழாயின் கீழ் வைத்தேன். குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரெல்லாக்கா வந்து, நிரம்பிய வாளியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எடுத்துக்கொண்டு போனா.

இரண்டாம் நாள் பூனையைக் கூப்பிட்டா. "நேத்து யாரோ எங்க வாளில தண்ணி புடிச்சிருக்காங்க பூனை. என்னாத்தைக் கலந்தாங்களோ. நீ குடிச்சுப் பாரு."

மூன்றாம் நாள், நான் நிரப்பிய வாளியை எல்லோருக்கும் முன்னால் தூக்கி வடிகானுக்குள் கவிழ்த்தா. செய்வினை என்று நினைத்திருக்கிறா. தண்ணீருக்குப் பதினான்கு வீடு காத்திருக்கிற இடத்தில் அப்படி ஊற்றுவது கன்னத்தில் அறைவது போல. நான் வீட்டுக்குள் வந்து ரொட்டியைக் கரியாக்கினேன். என் புருசன் கரி ரொட்டியைச் சுரண்டிக்கொண்டே, "ஒரு வாளித் தண்ணிக்கு ஏன் இவ்வளவு அரசியல்" என்றார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கும் சொல்லவில்லை.

நாலாம் நாள்தான் பெரிய நாள் என்று இப்போது நினைக்கிறேன். விழித்துக்கொண்டு பாயில் கிடந்தேன். போகாமல் விடலாம். ஊற்றிவிட்டாவே, இனி நான் போகத் தேவையில்லை என்று சுவாமியிடமே நியாயம் சொல்லலாம். மனம் ஒரு அங்குலமும் அசையவில்லை. அப்போது அவர் சொன்ன கை ஞாபகம் வந்தது. மனம் பாயிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கையையும் காலையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கும் ஊற்றினா. ஆனால் பாதியை.

ஐந்தாம் நாள் வரிசையில் அவவுடைய வாளியே இல்லை. எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டா. இதற்குச் சட்டம் என்ன என்று சுவாமியிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் அந்தப் பெண் நான்தான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். என்னிடம் இருந்தது ஒரு குடம், ஒரு வாளி. என் நீல வாளியை நிரப்பி அவவின் வாசலில் வைத்துவிட்டு, களவெடுத்தவள் மாதிரி ஓடிவந்தேன்.

ஆறாம் நாள் விடிய என் வாளி என் வாசலில் இருந்தது. வெறும் வாளி. ஆனால் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடியில் பிடித்திருந்த பாசியெல்லாம் போய், வாங்கிய நாளில் கூட அப்படி மினுங்கவில்லை. அதையே திரும்ப நிரப்பி வைத்தேன்.

ஏழாம் நாள் சிலுவை வாளி வரிசைக்குத் திரும்பி வந்தது. என் வாளிக்குப் பக்கத்தில். நான் நிரப்பினேன். அவ ஊற்றவில்லை. "இன்னைக்குத் தண்ணி தெளிவாத்தான் இருக்கு பூனை" என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டா.

அன்றைக்குத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். முந்தின இரவு நான் நித்திரை கொண்டிருக்கிறேன். வயிற்று எரிவு எப்போது நின்றதென்று தெரியாது. முழுகிய தலை காய்வது மாதிரித்தான் அது. காய்ந்துகொண்டிருக்கும்போது தெரியாது, தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும்.

எட்டாம் நாள் ஒரு விசேசமும் இல்லை. நிரப்பினேன், எடுத்தா. சண்டை பார்க்க வந்த இரண்டு கிழவிகள் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

தண்ணீர் வராத நாள்

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அடுத்த நாள் முதல் நன்மை.

குழாய் இருமியது. ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். எங்கேயோ குழாய் உடைந்துவிட்டதென்று யாரோ வந்து சொன்னார்கள். ஒவ்வொருவராக வெறும் வாளியோடு போனார்கள். நான் நின்றேன்.

மன்னிப்பு வியாழக்கிழமையே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வேதம் அப்படித்தான் சொல்லித் தந்தது. ஆனாலும் அபராதத்தை எட்டில் விட்டுவிட்டுப் பிள்ளையோடு போய் வாயைத் திறக்க என்னால் முடியாது. தண்ணீர் வராதது என் பிழையும் இல்லை. நின்று நின்று யோசித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். குடத்தில் முந்தின நாள் தண்ணீர் பாதி இருந்தது. தேத்தண்ணீர், சோறு, பிள்ளைக்கு முகம் கழுவ, எல்லாம் அதுதான். அதில் பாதியை வாளியில் ஊற்றினேன். முதன்முறையாக அந்தக் கதவைத் தட்டினேன்.

ஸ்ரெல்லாக்கா திறந்தா. வாளிக்குள் எட்டிப் பார்த்தா.

"கொழாய்ல தண்ணி வரல்லியே. இது எங்க இருந்து?"

"குடத்துத் தண்ணி."

"ஒம்பது நாளா என்னாடி பண்ற நீ?"

"அபராதம்" என்றேன்.

அவ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டா. "சாமி சொன்னாருன்னுதானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் அக்கா. சுவாமி சொன்னபடியால்தான் தொடங்கினனான். ஆனால் அவர் குழாய்த் தண்ணியைத்தான் சொன்னவர். இண்டைக்கு வராமல் விட்டிருக்கலாம்."

உள்ளே கேத்தல் கொதித்து மூடி அடித்தது. அதை இறக்க ஒருவரும் போகவில்லை.

"உன் தம்பி இந்த வீட்டுல எத்தனை நாள் சோறு தின்னவன்" என்றா. குரல் பெரிதாக இல்லை. "எனக்குத் தெரியாதா அவனை? அன்னைக்கு என் ரெண்டு பயலும் உள்ள கட்டிலுக்கு அடியில. இவனைத் தெரியும்னு சொன்னா, உள்ள வந்து பாப்பாங்கன்னு பயந்துட்டேன். பொறகு மூணு நாள் ஸ்டேசன் வாசல் வரைக்கும் போனேன். உள்ள கால் போகல்ல. அவன் வந்து அக்கான்னு கூப்பிட்டப்போ மூஞ்சியப் பாக்க முடியல்ல, கதவச் சாத்திட்டேன். நீ ஏசியிருந்தாலாவது பரவால்ல. பூனைகிட்டப் பேசின."

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சுவாமிமார் பிரசங்கத்தில் அப்படித்தான் வரும். எனக்கு அந்தப் பெரிய சொல் வாயில் ஏறவில்லை. எப்போதும் போல வெட்கம் பிடித்துக்கொண்டது.

"அக்கா, தண்ணியை ஊத்திப்போட்டு வாளியைத் தாங்கோ" என்றேன். "வீட்டில வேற வாளி இல்லை."

அவ வாளியை வாங்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தா. கேத்தல் வற்றிப்போயிருந்தது, நான் கொண்டுபோன தண்ணீரில்தான் தேத்தண்ணீர் போட்டா. சீனி அதிகம். இரண்டு பேரும் அழுதுகொண்டும், இடையில் பூனையின் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டும் குடித்தோம். பின்னேரம் பவுசர் வந்து முழுத் தோட்டத்துக்கும் தண்ணீர் தந்தது. அனிற்றாவின் தலையைத் தோய்த்து விட்டது ஸ்ரெல்லாக்காதான். எனக்கு அந்தப் பின்னல் வராது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் பின்னால் நடந்தேன். தூணில் இருந்து பீடம் வரைக்கும் அவ்வளவு தூரம் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. சுவாமி எனக்கு நன்மை தந்தார். ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அடுத்தவருக்குப் போகும் முன் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். அவ்வளவுதான்.

சரிபார்ப்பதற்கு

ஸ்ரெல்லாக்கா இப்போது வத்தளையில் மகனோடு இருக்கிறா. வியாழக்கிழமைகளில் போனில் கதைப்போம். இதை எழுதப்போகிறேன் என்றதும் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னா. பெயரை மாற்றுகிறேன் என்றேன், தெரியாது என்ற அந்தச் சொல்லையும் வேண்டுமானால் விட்டுவிடுகிறேன் என்றேன். பெயரை மாற்று, சொல்லை மாற்றாதே என்றா.

மற்றவற்றில் எங்களுக்குள் சண்டை. தண்ணீரை ஒரு நாள்தான் ஊற்றினேன் என்கிறா அவ. ஒன்றரை நாள் என்கிறேன் நான். பூனை சாம்பல் நிறமில்லை, மண்ணிறமாம். தாசன் இருந்தது பதினேழு நாளாம், நான் கூட்டிச் சொல்கிறேனாம். தோட்டத்தில் பதினான்கு வீடா, பதினாறா என்பதும் சரியாகத் தெரியவில்லை.

அந்தக் குழாயடியில் நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால், பத்திரிகைக்கு எழுதி என்னைத் திருத்துங்கள். நாள், நிறம், எண்ணிக்கை எல்லாவற்றையும் பாருங்கள். தெரியாது என்று அவ சொன்ன அந்த ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அது சரி என்று ஸ்ரெல்லாக்காவே சொல்லிவிட்டா.